மனச்சிதைவும் குடும்பத்தின் பேச்சும்

1950களின் கடைசியில் நீல் மெக்கானகி என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளின் பெற்றோருக்கு ஒரு எளிய சோதனை வைத்தார். மேசைமேல் புழங்கு பொருள்கள் பரப்பியிருக்கும்: கரண்டி, குறடு, பந்து, சுருட்டு, தீப்பெட்டி, சர்க்கரைக் கட்டி. ஒன்றைக் கையில் கொடுத்து, இதனோடு சேர்பவை எவை, ஏன் என்று கேட்பார்கள். பெரும்பாலோர் சாப்பிட உதவுபவை, கருவிகள், உலோகத்தால் ஆனவை என்று பிரித்துவிடுவார்கள். சிலர் மட்டும் எங்கோ தொலைவில் உள்ள தொடர்பைச் சொல்லிப் பொருள்களைச் சேர்ப்பார்கள். அவர்கள் சொல்வது தவறென்று ஒதுக்கிவிடவும் முடியாது, சரியென்று ஏற்கவும் முடியாது. மெக்கானகி 1959இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இப்படித் தூரத்துத் தொடர்புகளைப் பிடித்து யோசிக்கும் போக்கு நோயாளிகளின் பெற்றோரிடம் மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. அவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டை நடத்திக்கொண்டு, பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தவர்கள்.

சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தியோடர் லிட்ஸின் குழு அதே வகைச் சோதனையை நோயாளிகளின் பெற்றோருக்கு வைத்தது. கிடைத்த முடிவும் ஏறக்குறைய அதே. ஆனால் தீர்ப்பு நேர்மாறு. இது பரம்பரையின் தடயம் என்றார் மெக்கானகி. பகுத்தறிவுக்குப் பொருந்தாத சிந்தனையைப் பெற்றோர் வளர்ப்பின் வழியே பிள்ளைக்குள் இறக்குகிறார்கள் என்றார் லிட்ஸ்.

அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் துறையில் நடந்த வேலையின் பெரும்பகுதி, இந்த இரண்டு தீர்ப்புகளில் எது சரி என்ற வழக்குத்தான். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: பெற்றோரிடமும் உடன்பிறந்தாரிடமும் பேச்சிலும் சிந்தனையிலும் ஒரு மெல்லிய சாயல் இருப்பது உண்மை. அந்தச் சாயலைக் குற்றமாக்கிப் பெற்றோரைக் கூண்டில் ஏற்றியது பெரிய அநீதி.

நோய்க்கு இன்றைய பெயரை வைத்த சுவிட்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் பிளாய்லர், 1911இல் வந்த தன் நூலில், எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும் இடையே உள்ள பிணைப்பு தளர்வதையே நோயின் அடிப்படையாகக் கருதினார். காதில் குரல் கேட்பதும் யாரோ துரத்துகிறார்கள் என்று நம்புவதும் அவருக்கு இரண்டாம் பட்சம். நோய் வெளிப்படாமலே அதன் மங்கலான வடிவம் பலரிடம், குறிப்பாக உறவினர்களிடம், உண்டு என்றும் எழுதினார். அவருக்குச் சற்று முன்னும் அதே காலத்திலும் எழுதிய ஜெர்மானிய மருத்துவர்களும் நோயாளிகளின் வீட்டில் 'ஒரு மாதிரியான' ஆட்கள் இருப்பதைக் குறித்து வைத்தார்கள். ஆனால் அளவிடவில்லை. நோயாளியின் அண்ணன் என்று தெரிந்த பிறகு அவர் பேச்சில் கோணல் தேடினால், யார் பேச்சிலும் கிடைக்கும்.

எந்த மாதிரிப் பேச்சு என்பதை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். என்ன சொல்கிறார் என்பது வேறு, எப்படிக் கோத்துச் சொல்கிறார் என்பது வேறு. பக்கத்து வீட்டுக்காரன் என் மூளைக்குள் கருவி வைத்துவிட்டான் என்பது உள்ளடக்கத்தில் உள்ள கோளாறு. அதை இலக்கணச் சுத்தமாக, வரிசை பிசகாமல் ஒருவரால் சொல்ல முடியும். உறவினர்களிடம் தேடப்படுவது இரண்டாவது, கோப்பில் உள்ள தளர்வு. "அவர் வந்தப்ப அது அங்கதான் இருந்துச்சு, அப்புறம் அவங்க சொன்னாங்கன்னு விட்டுட்டேன், ஆனா இன்னொண்ணு அப்படி இல்ல" என்று ஒருவர் சொன்னால், எவர், எது, எவர்கள் என்று கேட்பவர் தடுமாறுவார். சொன்னவருக்கு எல்லாம் விளங்கித்தான் இருக்கிறது. கேட்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கு மட்டும் கொஞ்சம் தவறிவிட்டது. களைப்பிலும் பதற்றத்திலும் நாம் எல்லோரும் இப்படிப் பேசுவதுண்டு. எவ்வளவு அடிக்கடி என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இந்தக் கேள்வி நோயாளியின் வீட்டு வாசலுக்குப் போயிற்று. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்துக்குப் பெயர் வைத்தார். 1956இல் கிரெகரி பேட்சனும் அவருடைய கூட்டாளிகளும் இரட்டைப் பிணைப்புக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். வாய் ஒன்று சொல்ல உடல் வேறொன்று சொல்லும் பெற்றோரிடம், எதற்குப் பதில் சொன்னாலும் தவறாகிப்போகும் பிள்ளை நாளடைவில் பேச்சின் பொருளையே நம்ப முடியாதவனாகிறான் என்பது அதன் சாரம். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது: ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த தாயின் தோளில் மகன் கை போடுகிறான், அவள் உடல் விறைக்கிறது, அவன் கையை எடுத்துக்கொள்கிறான், உடனே அவள், உனக்கு என்மேல் பாசமே இல்லையா என்கிறாள். மனதில் தைக்கும் காட்சிதான். ஆனால் நோயில்லாத பிள்ளைகளின் வீடுகளில் இது நடப்பதில்லையா என்று அந்தக் கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பல நாள் தூங்காமல், பிள்ளை அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமல் வந்து நிற்கும் தாயின் உடல் விறைப்பதற்கு வேறு காரணம் இருக்கலாமே என்றும் யோசிக்கவில்லை.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் குடும்பத்தினர். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், பிள்ளையைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்த தாய்மார்களே நோய்க்குக் காரணம் என்ற பார்வையைச் சந்தித்தார்கள். 1979இல் அமெரிக்காவின் மாடிசன் நகரில் குடும்பத்தினரே கூடி ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். அப்படி அவர்களை ஒன்றுதிரட்டிய வேதனைகளில் இந்தப் பழியும் ஒன்று.

பெற்றோர்மேல் பழி விழுந்துகொண்டிருந்த அதே காலத்தில் லைமன் வின், மார்கரெட் சிங்கர் என்ற இருவர் இன்னும் கவனமாக வேலை செய்தார்கள். பெற்றோரிடம் மைத்தடப் படங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று விளக்கச் சொல்லி, அந்தப் பேச்சை எழுத்தாக்கினார்கள். சொல்லி முடிக்காத வாக்கியங்கள், சொன்னதைச் சொன்ன மூச்சிலேயே மறுப்பது, எதைக் குறிக்கிறதென்று தெரியாத சுட்டுச் சொற்கள், கேட்பவரைப் படத்திலிருந்து வேறெங்கோ இழுத்துப்போகும் திருப்பங்கள் என்று வகைப்படுத்தி எண்ணினார்கள். இதைத் தகவல்தொடர்புப் பிறழ்வு என்றார்கள். இரண்டு பேர் ஒரே பொருள்மீது கவனத்தைச் சேர்த்து வைக்க முடியாமல் போவதுதான் இதன் மையம் என்பது அவர்கள் விளக்கம். எந்தப் பிள்ளைக்கு நோய் என்று தெரியாமலே, பெற்றோரின் பேச்சுப் பதிவை மட்டும் படித்து, நோயாளியின் பெற்றோர் யார் என்று சிங்கர் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். துறையே வியந்தது.

லண்டனில் ஸ்டீவன் ஹிர்ஷும் ஜூலியன் லெஃபும் அதே சோதனையைத் தம் நோயாளிகளின் பெற்றோரிடம் செய்து பார்த்தார்கள். 1971இல் முடிவு வந்தது. வித்தியாசம் மிகச் சிறியது, இரு குழுக்களும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்துகிடந்தன. இன்னொன்றும் தெரிந்தது: மனச்சிதைவு நோயாளிகளின் தந்தையர் ஒவ்வொரு படத்துக்கும் அதிகச் சொற்கள் பேசியிருந்தார்கள். நிறையப் பேசினால் பிழைகளின் எண்ணிக்கையும் கூடத்தானே செய்யும்? சொல்லெண்ணிக்கையைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மறைந்துபோயிற்று. பிள்ளைக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று தெரியாத தகப்பன், வெள்ளைக் கோட்டுக்காரர் முன்னால் சரியான பதிலைத் தேடித் தேடி நிறையப் பேசுவது எனக்கு நோயாகத் தெரியவில்லை. ஆனாலும் ஹிர்ஷும் லெஃபும் விவாதத்தை முடித்துவைத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இரு நாடுகளிலும் அன்று நோயை நிர்ணயித்த முறையே வேறு, சோதனை நடத்திய விதமும் முழுக்க ஒன்றல்ல. பிற்பாடு வந்த பல ஆய்வுகளை 2014இல் ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, நோயாளிகளின் பெற்றோரிடம் இந்தப் பிறழ்வு கூடுதல் என்பது உறுதிப்பட்டது.

எனில், அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது? 1974இல் ஜோன் லீம் ஒரு சாமர்த்தியமான வழியில் இதைச் சோதித்தார். நோயுற்ற மகன்கள் பேசியதைப் பதிவுசெய்து, அவர்களுடைய பெற்றோர் மட்டுமன்றி மற்றப் பெற்றோரும் கேட்கும்படி செய்தார். நோயுற்ற மகனின் பேச்சு, கேட்ட எந்தப் பெற்றோரையும் தடுமாறவைத்தது. பெற்றோரின் பேச்சில் தனிக் குறை தென்படவில்லை. மறுபக்கம், லாஸ் ஏஞ்சலிஸில் மைக்கேல் கோல்ட்ஸ்டைன், இன்னும் மனச்சிதைவு வராத, வேறு தொல்லைகளுக்காக உதவி தேடி வந்த விடலைகளின் குடும்பங்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பெற்றோரின் பேச்சில் பிறழ்வு மிகுந்திருந்த வீடுகளில்தான் பின்னாளில் மனச்சிதைவு வகை நோய்கள் அதிகம் தோன்றின. நோய்க்கு முன்பே அந்தப் பேச்சு இருந்திருக்கிறது. அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளையின் நோயால் வந்த தடுமாற்றம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பேச்சுதான் நோயைக் கொண்டுவந்ததா, அல்லது பேச்சையும் நோயையும் ஒரே பரம்பரை தந்ததா என்பதை இந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பெற்றவர்களே வளர்க்கும் வீட்டில் மரபணுவும் வளர்ப்பும் ஒரே கையிலிருந்துதான் பிள்ளைக்கு வருகின்றன.

இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் தத்துப் பிள்ளைகளிடம்தான் போக வேண்டும். 1966இல் லெனர்ட் ஹெஸ்டன், ஆரிகன் மாநில மனநல மருத்துவமனைகளில் மனச்சிதைவோடு இருந்த தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்ட 47 பேரைத் தேடிக் கண்டுபிடித்தார். 5 பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்தத் தாய்மார் பிள்ளைகளிடம் எந்த இரட்டைப் பிணைப்புப் பேச்சும் பேசியிருக்கவே முடியாது. டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகளைக் கொண்டு சீமோர் கெட்டியும் டேவிட் ரோசந்தாலும் செய்த பெரிய ஆய்வும் அதே திசையைக் காட்டியது. நோயுற்ற தத்துப் பிள்ளையின் இரத்த உறவுகளில்தான் நோயும் அதன் மங்கல் வடிவங்களும் கூடுதலாக இருந்தன, வளர்த்தவர்களிடம் அல்ல. 1997இல் டென்னிஸ் கின்னியும் ஃபிலிப் ஹோல்ஸ்மனும் அந்த டென்மார்க் குடும்பங்களின் சிந்தனைக் கோப்பையே, யார் யாருக்கு உறவு என்று தெரியாமல் அளந்தார்கள். நோயுற்ற தத்துப் பிள்ளைகளை ஒருநாளும் பார்க்காமல் வேறு வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளிடமும், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகளிடமும் தளர்வு கூடுதலாக இருந்தது.

மெக்கானகி வென்றார் என்று இங்கே நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் அதே 1997இல் ஃபின்லாந்திலிருந்து ஒரு முடிவு வந்தது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மனதை அதிகம் ஆட்கொண்டது அதுதான்.

ஔலு நகரில் பெக்கா தியேனாரி, மனச்சிதைவு உள்ள தாய்மார் தத்துக் கொடுத்த பிள்ளைகளை நாடு முழுக்கத் தேடிச் சேர்த்தார். அவர்களைத் தத்தெடுத்து வளர்த்த பெற்றோரின் பேச்சை, முன்னே சொன்ன வின் நேரில் சேர்ந்துகொள்ள, அதே மைத்தடப் படங்களால் அளந்தார்கள். பிள்ளைகளின் சிந்தனைக் கோப்பைத் தனியே அளந்தார்கள். கார்ல்-எரிக் வால்பெர்க் முதல் ஆசிரியராக வெளிவந்த கட்டுரையில், பரம்பரை அபாயம் உள்ள 58 தத்துப் பிள்ளைகளும் அது இல்லாத 96 பேரும் ஒப்பிடப்பட்டார்கள். பரம்பரை அபாயம் இல்லாத பிள்ளைகளை, வளர்த்தவர்களின் தெளிவற்ற பேச்சு பாதிக்கவே இல்லை. எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தாலும் அவர்கள் சிந்தனை ஒரேபோல இருந்தது. அபாயம் உள்ள பிள்ளைகளிலோ, வளர்த்தவர்களின் பேச்சில் பிறழ்வு கூடக் கூடச் சிந்தனைத் தளர்வும் கூடியது. தெளிவாகப் பேசும் வீட்டில் வளர்ந்தபோது அபாயம் உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். 2004இல் 145 பேரையும் 158 பேரையும் வைத்து, குடும்பச் சூழலையும் நோயையும் ஒப்பிட்ட அடுத்த கட்டுரையும் இதே வடிவத்தைக் காட்டியது.

இதைக் கண்டதும் பெற்றோரைப் பழிக்கும் பழைய வழி திரும்பத் திறந்துவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. தெளிவற்ற பேச்சு, பெரும்பாலான பிள்ளைகளை ஒன்றும் செய்யவில்லை என்பதே ஃபின்லாந்து சொன்ன முதல் செய்தி. ஒரே மழை, இறுகிய பாறையில் வழிந்தோடிவிடுகிறது, இளகிய மண்ணை அரிக்கிறது. மழையைக் குற்றம் சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. மேலும், பேச்சு வளர்த்தவர்களின் இயல்பா, இல்லை இலேசாகத் தடுமாறும் பிள்ளையோடு பல ஆண்டுகள் பேசிப் பேசி வந்ததா என்ற கேள்விக்கு 1997 கட்டுரை முழு விடை தரவில்லை.

இனி, உறவினர்களிடம் உண்மையில் என்னதான் காணப்படுகிறது? ஹோல்ஸ்மன் இதைப் பல கோணத்தில் தேடினார். 1970களில், மெல்ல அசையும் ஊசலைக் கண்ணால் தொடரச் சொல்லும் சோதனையில், நோயாளிகளோடு நெருங்கிய உறவினரில் பாதிக்குச் சற்றுக் குறைந்தோருக்கும் கண்ணசைவு வழுக்கிச் செல்வதைக் கண்டார். 1995இல் சோஹி பார்க்கோடு சேர்ந்து, ஒரு புள்ளி இருந்த இடத்தைச் சில விநாடி மனதில் வைத்திருக்கும் திறன் உறவினர்களிடமும் சற்றுக் குறைவதைக் காட்டினார். இடையில் அவர் உருவாக்கிய சிந்தனைத் தளர்வு அளவுகோல், பேச்சுப் பிறழ்வுக்கு 0.25, 0.50, 0.75, 1 என்று எடை போடும். சொல்லைச் சற்று விநோதமாகப் பயன்படுத்தினால் குறைந்த எடை, புதுச்சொல் புனைந்து யாருக்கும் விளங்காமல் போனால் கூடிய எடை. 1989இல் மார்த்தா ஷென்டன் இதை உறவினர்களுக்குப் பயன்படுத்தியபோது, நோயாளியிடம் கண்டது குறைந்த அளவில் அவர்களிடமும் தென்பட்டது.

நான்சி டாக்கர்ட்டி வேறு வழியில் போனார். படங்கள் இல்லாமல், சாதாரண உரையாடலில், எதைச் சுட்டுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் போகும் இடங்களை எண்ணினார். நோயாளிகளின் பெற்றோரிடம் இவையும் கூடுதல். டெபோரா லெவி 2010இல் சுட்டிக்காட்டியது இங்கே முக்கியமானது: எண்ணங்கள் விநோதமாகச் சேர்வதும், கேட்பவருக்குப் புரியாமல் சுட்டுவதும் ஒரே குணத்தின் இரு பெயர்கள் அல்ல, தனித்தனி ஓட்டங்கள். இவை ஒரே குடும்பத்தில் ஒன்றையொன்று சாராமலும் ஓடலாம். அதே ஆண்டில் பிரிட்டா எல்வெவாக் குழு, சொற்களின் பொருள் நெருக்கத்தைக் கணினியால் கணக்கிட்டு, நோயாளிகளின் நெருங்கிய உறவினர் பேச்சைப் பிறர் பேச்சிலிருந்து பிரிக்க முடிவதைக் காட்டியது. கேட்பவர் காதுக்கு எட்டாத அளவு நுண்ணிய வேறுபாடு அது.

அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்தில் கென்னத் கென்ட்லர் 1990களில் நடத்திய ஆய்வை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளிகளின் உறவினர்களை மற்றவர்களிடமிருந்து அதிகம் பிரித்துக் காட்டியவை, விநோதமான பேச்சு, ஒட்டாத தன்மை, சமூகப் பழக்கத்தில் சிரமம். பேய், மாயம், சகுனம் பற்றிய நம்பிக்கைகள் அவ்வளவாகப் பிரித்துக் காட்டவில்லை. வீட்டில் ஒருவர் நோயால் சிதைந்ததைக் கண்டவர்கள், அத்தகைய அனுபவம் உனக்கு உண்டா என்று கேட்கும் படிவத்தில் உண்டு என்று எழுதத் தயங்குவார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பேச்சை அப்படி மறைக்க முடியாது. பேச்சைக் கேட்பதுதான் படிவத்தைவிட நேர்மையான சோதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வேறுபாடுகள் எல்லாம் குழுக்களின் சராசரிகளில் உள்ளவை. ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் தங்கையின் பேச்சைக் கேட்டு, இவள் நோயாளியின் தங்கை என்றோ இவளுக்கு நோய் வரும் என்றோ யாரும் சொல்லிவிட முடியாது. பொதுமக்களில் சுமார் 100இல் ஒருவருக்கு வரும் நோய், நோயாளியின் உடன்பிறந்தாரில் சுமார் 9 சதவீதம் பேருக்கு வருகிறது என்பது இர்விங் காட்டெஸ்மன் 1991இல் தொகுத்த கணக்கு. 91 சதவீதம் பேருக்கு வருவதில்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில்கூட ஏறக்குறைய பாதிப்பேர் தப்பிவிடுகிறார்கள். 2022இல் வெளியான பன்னாட்டு மரபணு ஆய்வு, அபாயத்தோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்தது. ஒவ்வொன்றின் பங்கும் இம்மியளவு. இவற்றில் பலவற்றை நாம் எல்லோரும் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். மெக்கானகி கண்ட அந்தத் தூரத்துத் தொடர்புச் சிந்தனை, நோயோடு எந்த உறவும் இல்லாத குடும்பங்களிலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்பதையும் அவரே பின்னர் காட்டினார்.

அந்தச் சிந்தனைக்கு வேறொரு முகமும் உண்டு. ஜேம்ஸ் ஜாய்ஸின் மகள் லூசியாவுக்கு மனச்சிதைவு என்று சொல்லப்பட்டது. 1934இல் அவளைப் பார்த்த கார்ல் யுங், தகப்பனும் மகளும் ஒரே ஆற்றின் ஆழத்துக்குப் போகிறார்கள், அவர் குதிக்கிறார், அவள் விழுகிறாள் என்ற கருத்தைப் பின்னாளில் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு மேதையையும் அவர் மகளையும் வைத்து முடிவுக்கு வர முடியாது. உறுதியான சான்று 2011இல் சுவீடனிலிருந்து வந்தது. கடும் மனநோய் உள்ள 3 லட்சம் பேரையும் அவர்கள் உறவினர்களையும் பதிவேடுகளில் பார்த்த சைமன் சியாகாவின் குழு, மனச்சிதைவு நோயாளிகளின் நலமான உடன்பிறந்தார் படைப்புத் தொழில்களில் எதிர்பார்ப்பதைவிட அதிகம் இருப்பதைக் கண்டது. நோயாளிகளிடம் ஒட்டுமொத்தமாக அந்தக் கூடுதல் இல்லை. நோய் ஒரு வரம் என்று பேசுபவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைப் படிக்க வேண்டும்.

தமிழில் இந்த அளவுகோல்களைப் பயன்படுத்த நினைப்பவர்கள் நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நம் இயல்பு. "வந்தாச்சா?", "குடுத்துட்டேன்" என்பதில் யார், எதை, யாருக்கு என்பதைச் சூழலே நிரப்புகிறது. ஆங்கில உரையாடலை வைத்துச் செய்த எண்ணிக்கை முறையை அப்படியே கொண்டுவந்தால், நலமான ஒரு தமிழ்ப் பாட்டிகூடப் பிறழ்வுப் பட்டியலில் ஏறிவிடுவார். தமிழ் பேசுவோரின் வழக்கமான பேச்சிலிருந்தே அளவுகோலைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு பாரமும் உண்டு. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். தாராவும் அவர் சகாவும் 2000இல் எழுதிய கட்டுரையில், நோயாளியின் குடும்பத்தாரை வதைக்கும் கவலைகளில் கல்யாணமும், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைப்பதும் முன்னால் நின்றன. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அண்ணனை உள்ளறையில் இருத்திவைக்கும் வீட்டில், தங்கையின் பேச்சிலும் ஒரு சாயல் உண்டு என்று அரைகுறையாகச் சொல்லிவைத்தால் அது ஆயுதமாகிவிடும். ஆராய்ச்சிக்காகத் திரட்டிய ஒரு சராசரியைத் தனி ஆளின் ஜாதகம்போலப் படிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. மருத்துவர்கள் இதைக் குடும்பத்திடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் இந்த ஆய்வுகளால் குடும்பங்களுக்குக் கிடைத்த கைமுதல் ஒன்று இருக்கிறது. டேவிட் மிக்லோவிட்ஸ் தலைமையில் 2014இல் வந்த ஆய்வில், மனச்சிதைவின் முன்னறிகுறிகள் தெரியும் இளையோரும் அவர்கள் வீட்டாரும் 6 மாதத்தில் 18 அமர்வுகளில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நோயைப் பற்றிய விளக்கத்தோடு பேச்சுப் பயிற்சியும் தந்தார்கள். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பது, கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, என்ன மாற வேண்டும் என்பதைக் குறைசொல்லாமல் ஒன்றே ஒன்றாகக் கேட்பது. யார்மேல் தவறு என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. மூன்றே அமர்வுகள் பெற்றவர்களைவிட இவர்களின் அறிகுறிகள் அதிகம் தணிந்தன. வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து மதிப்பிட்டபோது, பிள்ளைகளும் பெற்றோரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுப் பேசுவது கூடியிருந்தது.